ரஹீம் ஆசிரியரின் ஐந்து ஆட்டங்கள்

1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் ஜகார்த்தா நகரில் இந்தியக் கால்பந்தாட்டக் குழு தென்கொரியாவிடம் 2க்கு 0 என்ற கணக்கில் தோற்றது. ஆசிய விளையாட்டு விழாவில் நம்மவர் ஆடிய முதல் ஆட்டம் அது. ஒன்பது நாட்கள் கழித்து, செப்டம்பர் 4ஆம் நாள், அதே நகரில் அதே கொரியரை 2க்கு 1 என வென்று தங்கப் பதக்கத்தைக் கைக்கொண்டனர். அன்றுமுதல் இன்றுவரை ஆசிய விளையாட்டின் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்கு மீண்டும் வாய்க்கவில்லை. 1970இல் பாங்காக்கில் ஒரு வெண்கலம் கிடைத்ததோடு சரி.

பந்தாட்டத்தின் நுணுக்கங்களை நான் கற்றவனல்லன். நஹ்வு, ஸர்ஃபு என்னும் அரபு இலக்கணத்தையும் தமிழையும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தே முடி நரைத்தவன். எனினும் அந்த ஒன்பது நாட்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் உள்ளம் அவற்றிலேயே தங்கிவிடுகிறது. காரணம், அக்குழுவை நடத்திச் சென்றவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துர் ரஹீம். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பள்ளிகளில் பாடம் நடத்தி, பின்னர் உடற்பயிற்சிக் கல்வியிலும் பட்டயம் பெற்றவர். ஆட்டக்காரர்கள் அவரை ‘ரஹீம் சாஹிப்’ என்றே அழைத்தனர்.

1950 முதல் இந்தியக் குழுவைப் பயிற்றுவித்த அவர், 1951இல் டில்லியில் ஈரானை 1க்கு 0 என வென்று முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்தார். அடுத்த ஆண்டே ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் 10க்கு 1 எனத் தோற்கவும் நேர்ந்தது. நம்மவரிற் பலர் அந்தக் குளிர்நாட்டுத் தரையில் வெறுங்காலுடன் ஆடினர்! அந்த அடிக்குப் பிறகே காலணி அணிவது கட்டாயமாயிற்று. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4க்கு 2 என வீழ்த்தி நான்காம் இடம் பெற்றனர். பத்துக் கோல் வாங்கிய குழு நான்கே ஆண்டுகளில் அந்நிலைக்கு உயர்ந்தது எனில், இடையில் எத்தனை நாட்கள் அவர் பொறுமை காத்திருப்பார் என்பதை ஆசிரியத் தொழில் செய்வோர் அறிவர்.

ஜகார்த்தாவுக்கு வருவோம். இரண்டாம் ஆட்டத்தில் தாய்லாந்தை 4க்கு 1 என வென்றனர். ஆனால் பின்வரிசைக்கு அரணாக நின்ற ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல்கள் போடப்பட்டன. அடுத்து ஜப்பானை 2க்கு 0 என வென்று அரையிறுதியை எட்டினர். எதிரே தென்வியட்நாம். தலைக்காயத்துடன் ஒருவரைப் பின்வரிசையில் நிறுத்த முடியாது. ஓய்வில் அமர்த்திவிடுவதே எவருக்கும் தோன்றும் வழி. ரஹீம் அவரை முன்வரிசையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். காத்து நின்றவர் தாக்கி ஆடுபவரானார். அந்த ஆட்டம் 3க்கு 2 என முடிந்தது. தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு கோல், ஜர்னைல் ஒரு கோல்.

இவ்விடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துச் சிந்திப்பதுண்டு. ஒரு பாடத்தில் பின்தங்கிய பிள்ளையைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுவது எத்துணை எளிது! அவனுக்கு வேறோர் இடம் உண்டா என்று தேடிப் பார்க்க ஆசிரியனுக்கு நேரமும் வேண்டும், நெஞ்சமும் வேண்டும். ரஹீமுக்கோ நேரம் இல்லை. நுரையீரற் புற்றுநோய் அவர் உடலை அப்போதே அரித்துக்கொண்டிருந்தது.

இறுதியாட்டத்தின் சூழ்நிலை நல்லதாக இல்லை. இஸ்ரேலியருக்கும் தைவான் நாட்டவருக்கும் இந்தோனேசியா விசா தர மறுத்திருந்தது. அப்படியானால் இவ்விழாவை ஆசிய விளையாட்டு என அழைப்பது பொருந்தாது என்றார் இந்தியரான ஜி.டி. சோந்தி. மக்கள் சினந்தெழுந்தனர், செப்டம்பர் 3ஆம் நாள் இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. மறுநாள் இலட்சம் பேர் திரண்ட செனயன் அரங்கில் நம் தேசிய கீதம் கூச்சலில் மூழ்கியது. பாலஸ்தீன மக்களின் துயரில் நமக்குள்ள பரிவு வேறு. பந்தாட வந்த விருந்தினரை ஏசுவது வேறு. கூச்சலிட்டவரிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதற்காக அதற்கு நியாயம் கற்பிக்க என் மனம் இடந்தரவில்லை. இந்தியாவை வென்று ஹாக்கித் தங்கம் பெற்றிருந்த பாகிஸ்தான் குழுவினர் அன்று நம்மவருக்காகக் கைதட்டினர் என்று ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் கூறினர். அதைப் படித்தபோது நெஞ்சு குளிர்ந்தது.

தமக்கு ஒரு பரிசாகத் தங்கத்தை வென்று தரும்படி முன்னாளிரவு ரஹீம் கேட்டுக்கொண்டாராம். காய்ச்சலிலிருந்து எழுந்த பீட்டர் தங்கராஜ் கோல் காக்க நின்றார். யூசுப் கானும் பலராமும் ஆடினர். 17ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல். 20ஆம் நிமிடத்தில், தலைக்காயம் ஆறாத ஜர்னைல் மற்றொன்று. கொரியர் 85ஆம் நிமிடத்தில்தான் ஒன்றைத் திருப்பினர். கூச்சல் அடங்கிப்போயிற்று.

அடுத்த ஆண்டு ஜூன் 11ஆம் நாள் ரஹீம் சாஹிப் இறைவனடி சேர்ந்தார். அகவை 53.

மம்சாபுரத்தில் அஸர் தொழுகை முடிந்ததும் பந்தெடுத்து ஓடும் பையன்களுக்கு மெஸ்ஸியைத் தெரியும், எகிப்தின் முஹம்மது ஸலாஹைத் தெரியும். இவரைத் தெரியாது. 2024இல் ‘மைதான்’ என்ற இந்திப் படம் வந்த பிறகு ஓரிருவர் கேட்டார்கள். குறை பையன்களிடம் இல்லை. நம் மேடைகளில் மன்னர்களையும் படைத்தலைவர்களையும் அடுக்குகிறோம். ஒரு பள்ளி ஆசிரியரைச் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதை ஹதீஸ் பாடத்தில் ஓதிக்கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் பந்தைப் பரண்மேல் எறிகிறோம். தொழுகை நேரத்தைத் தின்னாத ஆட்டத்தின்மீது இந்தப் பகை எதற்கு?

அந்த 2024ஆம் ஆண்டில் இந்தியக் குழு 11 ஆட்டங்கள் ஆடியது. ஒன்றிலும் வெற்றியில்லை, ஐந்து சமநிலை, ஆறு தோல்வி. அவற்றுள் மூன்று ஆட்டங்கள் ரஹீம் பிறந்த ஹைதராபாத்திலேயே நடைபெற்றன. மொரீஷியஸுடன் கோலின்றி முடிந்தது ஒன்று. சிரியாவிடம் 3க்கு 0 எனத் தோற்றது ஒன்று. மலேசியாவுடன் 1க்கு 1 என முடிந்தது மற்றொன்று. வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் இருவர் அவ்வாண்டில் மாறினர். 1962இல் ரஹீமிடம் பயின்ற பானர்ஜியும் அருண் கோஷும் பின்னாளில் இந்தியக் குழுவுக்குப் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள்.