கிடந்து கெடாத மெஷின்

லண்டன் மோர்டனில் கார் அழுக்காவதற்கு வருடம் முழுக்க ஏதாவது ஒரு காரணம் இருக்கும். குளிர்காலத்தில் றோட்டில் தூவும் உப்பு, கோடையில் லைம் மரங்களில் இருக்கும் சிறு பூச்சிகள் சொரியும் பிசின், இடைக்கிடை சகாராவிலிருந்து காற்றோடு வந்து மழையில் இறங்கும் செந்தூசு, விடிந்து பார்த்தால் பொனற்றில் நரியின் காலடி. ஆனால் காருக்குச் சேதம் வருவது பெரும்பாலும் இவற்றைத் துடைக்கும்போதுதான். மணல் பட்ட துணியால் தேய்த்தால் நுண்ணிய வட்டக் கீறல்கள் விழும். வெயில் எறிக்கும் நாளில் கறுப்புக் காரின் பக்கத்தில் நின்றால் சிலந்தி வலை பின்னியதுபோல் தெரியும். அதைப் போக்க ஒரு பொலிஷ் மெஷின் வாங்கலாமா என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது.

“நல்ல பவர் உள்ளதாப் பாத்து எடுத்தாக் கனகாலம் நிக்கும்தானே அண்ணை?” என்று தெரிந்த தம்பிமார் கேட்பார்கள். நான் இல்லை என்றுதான் சொல்வேன். கராஜில் நாள் முழுக்க ஓடும் மெஷின் தேய்ந்து கெடும். வருடத்தில் இரண்டு மூன்று தரம் எடுக்கும் வீட்டு மெஷின் கிடந்து கெடும். இரண்டுக்கும் பார்க்க வேண்டிய குணங்கள் வேறு.

முதலில் வகை. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் வேகமாக வேலை செய்யும். அதே வேகத்தில் பெயின்ரையும் சுடவைக்கும். இன்றைய கார்களில் பெயின்ரின் எல்லாப் படைகளும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரோன் வரைதான் வரும். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரோன். தலைமயிர் ஒன்றின் தடிப்பிலும் குறைவு. கதவின் விளிம்பில் ரோட்டரி ஒரு கணம் கூடுதலாக நின்றால் போதும், அந்தப் படை போய்விடும். ஊரில் பழைய மொறிஸ் மைனரைத் தேய்த்தால் துணியில் காரின் நிறமே ஒட்டும். எவ்வளவு போகிறது என்று கண்ணால் கண்டு கையை எடுக்கலாம். கிளியர் கோட்டில் அந்த எச்சரிக்கை இல்லை, போவது நிறமற்ற படை.

ஆகவே வீட்டுக்கு டூயல் ஆக்‌ஷன்தான். அது சுழன்றபடியே சிறு வட்டமாக ஆடும். கையால் கூடுதலாக அழுத்தினால் சுழற்சி நின்று ஆட்டம் மட்டும் மிஞ்சும், கார் தப்பும். ஆனால் சுழற்சி நின்றால் கீறலும் போகாது. இதைக் கண்டுபிடிக்க, ஸ்பொஞ்ச் ஒட்டும் பின்தட்டின் ஓரத்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வேலை நடக்கும்போது கோடு சுற்றி வருவது தெரிய வேண்டும். ஒரே இடத்தில் நின்று துடித்தால் கையைத் தளர்த்த வேண்டும். ஆட்டத்தின் அகலம் 15, 21 மில்லிமீற்றர் என்று பெரிதாகப் போட்டிருப்பதைக் கண்டு மயங்கத் தேவையில்லை. வளைவு நெளிவுள்ள குடும்பக் காருக்கு 8 முதல் 12 வரை உள்ளதும், 125 மில்லிமீற்றர் தட்டும் இலகு. மலிவாகக் கிடைக்கும், துணித்தொப்பி மாட்டிய அகலமான மெஷின்கள் மெழுகு பூசத்தான் உதவும். கீறலை எடுக்க அவற்றால் முடியாது.

அடுத்தது கழற்றிப் பூட்டக்கூடியதா என்பது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில், பிரித்தானியாவில் செய்த ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் பெற்றோலைக் கொஞ்சம் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின. அந்தக் கார்களைக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்ட முடிந்தது. அதனால்தான் அத்தனை வருடம் நின்றன. பொலிஷ் மெஷினிலும் அதையே பார்க்க வேண்டும். பிளக்கில் மாட்டி ஓடும் வயர் மெஷின்கள் பலவற்றின் பக்கவாட்டில் இரண்டு சிறு மூடிகள் இருக்கும். தட்டை ஸ்குரூ டிரைவரால் திருகினால் கார்பன் பிரஷ் ஸ்பிரிங்கோடு வெளியே வரும். தேய்ந்தால் சில பவுணுக்குப் புதிது போடலாம். அந்த மூடி வெளியே இல்லாமல், பிரஷ் தனியாக விற்பனைக்கும் இல்லாமல் இருந்தால் அந்த மெஷினை எடுக்க வேண்டாம். 1915இல் ஜப்பானின் நகோயாவில் மோட்டர் விற்று, திருத்தும் கடையாகத் தொடங்கிய மக்கிட்டா, உதிரிப்பாகங்களை இலக்கமிட்டுப் படத்தோடு தருகிறது. வாங்க முன் இப்படி ஒரு படம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரித்தானியாவில் 2021 ஜூலையில் வந்த விதிகள், உடுப்பு மெஷின், குளிர்சாதனப்பெட்டி போன்றவற்றுக்குத்தான் உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும் என்கின்றன. கைக்கருவிகள் அதில் இல்லை. நாங்கள்தான் பார்த்து வாங்க வேண்டும்.

பற்றறியா வயரா என்பதற்கு மோர்டனில் தெருவைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். இங்குள்ள சென்ற் ஹெலியர் எஸ்ரேட் 1928க்கும் 1936க்கும் இடையில் கட்டப்பட்டது. வீட்டுக்கு ஒரு கார் என்பதே யாரும் நினையாத காலம். முன்வளவைச் சீமெந்து போட்டுக் கார் நிறுத்துபவர்களுக்கு வயர் போதும். றோட்டில் நிறுத்துபவர் நடைபாதையில் வயரை இழுத்தால், பிள்ளையைத் தள்ளுவண்டியில் கொண்டுவருபவர் தடக்கி விழுவார். அவருக்குப் பற்றறி நியாயம், அதுவும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டிரில்லின் பற்றறி அதற்கும் பொருந்தினால். மற்றவர்களுக்கு நான் வயரைத்தான் சொல்வேன். மாதக்கணக்கில் முழுதாக இறங்கிக் கிடக்கும் லிதியம் பற்றறி பழுதாகும். அரைவாசி சார்ஜில் வைத்து, இடைக்கிடை எடுத்துப் பார்க்க எத்தனை பேருக்கு நினைவு வரும்?

பழைய மெஷின் மலிவாகக் கிடைத்தால் முதலில் பிளக்கைப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் உருண்டையாக இருந்தால் அது கட்டட வேலைத்தளத்து 110 வோல்ற். ட்ரான்ஸ்போமர் இல்லாமல் வீட்டில் ஓடாது. புதிது வாங்கினால் பெட்டியோடு கோடைவரை வைக்க வேண்டாம். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளைத் திருப்பிக்கொடுத்து முழுப் பணத்தையும் கேட்க 30 நாள்தான் இருக்கிறது. அதற்குப் பிறகும் உரிமை உண்டு, ஆனால் முதலில் திருத்தித் தரவோ மாற்றித் தரவோ கடைக்கு இடம் கொடுக்க வேண்டும். ஆகவே அந்த மாதமே ஒரு கதவிலாவது முழு வேலையாக ஓட்டி, சூடு, மணம், பெயாரிங் சத்தம் எல்லாம் கவனிக்க வேண்டும்.

வைக்கும் இடம் தோட்டத்து ஷெட் அல்ல. அங்கே குளிர்காலத்தில் ஈரம் உலோகத்தில் வேர்த்து நிற்கும், பெயாரிங் துருப்பிடிக்கும். படிக்குக் கீழே உள்ள அலுமாரி நல்லது. ஸ்பொஞ்சைக் கழற்றிக் கழுவி, காயவிட்டுத் தனியாக வைக்க வேண்டும். மெஷினின் பாரத்தோடு விட்டால் ஸ்பொஞ்ச் நசிந்து வடிவம் மாறும், பிறகு மெஷின் கையை உதறும்.

இவ்வளவும் பார்த்து ஒரு வீட்டில் வாங்கினால், மச்சான், சித்தப்பா, பக்கத்துத் தெருச் சிநேகிதர் என்று அது நாலு வீட்டுக்குப் போகும். எங்கள் ஆக்களிடம் இது வழக்கம், மெஷினுக்கும் நல்லது. அடிக்கடி ஓடும் மோட்டரின் கோளாறு வேளைக்கே தெரியவரும். ஸ்பொஞ்சை மட்டும் இரவல் கொடுக்க வேண்டாம். ஒரு காரில் அகப்பட்ட மணல் அடுத்த காரில் புதிய கீறலைப் போடும். எடுக்க வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இரண்டு ஸ்பொஞ்ச் வாங்கிக்கொண்டு வரட்டும்: ஒன்று கீறல் எடுக்க, மற்றது மினுக்க.