நொட்டாங்கை

உண்ணும் கைக்குச் சோற்றாங்கை என்று அழகாகப் பெயர் வைத்தவர்கள், மற்றக் கைக்கு வைத்த பெயர்களைச் சபையில் சொல்ல நாக்குக் கூசுகிறது. நொட்டாங்கை என்பதுதான் அவற்றில் கொஞ்சம் மரியாதையான பெயர். சேலையூரில் எங்கள் தெருவில் ஒரு பாட்டி, பேரன் அந்தக் கையில் பென்சிலைப் பிடித்தால் உடனே பிடுங்கி மறு கையில் திணித்துவிடுவார். மாலையில் பையன் அதே கையால் பந்து வீசும்போது மட்டும் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும்!

இந்தக் கை ஒருவரைக் கடல் கடத்தியிருக்கிறது. ரிங்கு சிங் உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பிள்ளை. தகப்பனார் லாரி ஓட்டியவர்; வீட்டில் குழந்தைகள் ஒன்பது. பையன் ஈட்டி எறிந்து பழகியவர். 2008-ஆம் வருஷம் அமெரிக்கர்கள் சிலர் இந்தியாவுக்கு வந்து, வேகமாகவும் குறி தவறாமலும் பந்து எறிகிறவர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். பேஸ்பால் ஆட்டத்தையே அறியாத ரிங்கு, மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்து முதல் பரிசைத் தட்டிக்கொண்டார். அந்த நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது.

அந்த ஆட்டத்தில் இடது கைக்குத் தனி மதிப்பு உண்டு. இடது கையால் எறிகிறவன் முதல் தளத்தைப் பார்த்தபடிதான் நிற்பான். அங்கிருந்து நழுவி ஓட நினைப்பவன் அவன் கண்ணுக்குத் தப்புவது கடினம். நம் கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிந்தால் குற்றம். அங்கே அப்படி எறிவதுதான் ஆட்டமே. ஆகவே பாரம் முழுவதும் முழங்கை மேல்!

2009-இல் புளோரிடாவில் கீழ்ப்படி ஆட்டங்களில் தொடங்கிய ரிங்கு, பிறகு மேற்கு வர்ஜீனியா அணிவரை ஏறினார். 2013 முதல் காயங்கள் தொல்லை கொடுத்தன. முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. மேல்படி எட்டவே இல்லை.

2014-இல் இந்தக் கதை ஹாலிவுட் படமாக வந்தது. இசை நம் ஏ. ஆர். ரகுமான். ஒப்பந்தம் கிடைப்பதோடு படத்துக்குச் சுபம் போட்டுவிட்டார்கள். சினிமாவுக்கு அது போதும். எனக்கோ அதற்குப் பின் வந்த வருஷங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. பரிசு வாங்கிய அன்று யாருக்கும் தைரியம் வரும். பாஷை தெரியாத ஊரில், பெரிய கூட்டம் இல்லாத மைதானங்களில், வருஷக்கணக்கில் தினமும் அந்தப் பந்தை எடுப்பதற்கு வேறு நெஞ்சு வேண்டும்.

முழங்கை கைவிட்ட பிறகும் அவர் முடங்கிவிடவில்லை. 2018-இல் அமெரிக்காவிலேயே மல்யுத்த மேடை ஏறினார். பழைய தொழில் போனால் என்ன, தோள் மிச்சம் இருந்தது.