படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன்

ஸ்கூபா டைவிங்குக்கு முன்னால் ஒரு மருத்துவப் படிவம் கொடுப்பார்கள். ஆஸ்துமா, வலிப்பு, காதில் ஆபரேஷன் என்று நீளும் கேள்விகளுக்கு நடுவே, பஸ்ஸிலோ படகிலோ போனால் வாந்தி வருமா என்றும் ஒன்று இருந்தது. ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பச்சைப் பொய். நார்த்தாமலையில் பஸ் ஏறினால் கீரனூர் தாண்டுவதற்குள் எனக்கு வாயில் நீர் ஊற ஆரம்பித்துவிடும்.

அன்றைக்கு மட்டும் மறைத்தேன் என்றில்லை. ஊரிலிருந்து வேன் பிடித்து எங்கே கிளம்பினாலும் டிரைவர் பக்கத்து சீட்டில் முதலில் ஏறுவது நான்தான். “வழி சொல்லணும்ல” என்பேன். கொடைக்கானல் என்றால் நானே ஓட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொள்வேன். வண்டி ஓட்டுகிறவனுக்கு அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று முன்பே தெரியும். மூளை அதற்குத் தயாராகிவிடுவதால் குமட்டல் குறைவு. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பின்சீட்டில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, வயிற்றில் செய்தித்தாளைச் செருகிக்கொண்டு வரும் அக்காவைக் கேலி செய்வதிலும் நானே முதல் ஆள். ஓரத்து சீட்டுக்காக அவள் கெஞ்சியபோது கொடுக்காமல் இருந்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவன் புதுச்சேரிக் கடலில் இறங்கப் போனேன். நீச்சல் தெரியுமா என்றுதான் பயிற்சியாளர் கேட்டார். “எங்க ஊரு மேலமலையில தலையருவிச் சிங்கம்னு ஒரு சுனை இருக்கு தம்பி. அதுக்குள்ள தண்ணிக்கடியில ஜுரஹரேஸ்வரர். தண்ணிய இறைச்சாத்தான் லிங்கத்தையே பாக்க முடியும். அந்த ஊர்க்காரன்கிட்ட நீச்சல் தெரியுமான்னா கேக்குறீங்க?” என்றேன். கேள்விக்கும் பதிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தச் சாமி பெயரைப் பார்த்தாலே தெரியும், ஜுரம் தீர்க்கிற ஈஸ்வரர். வாந்தி அவர் இலாகாவில் வராது.

முதல் நாள் ராத்திரி ரகசியமாக ஓர் அவோமின் வாந்தி மாத்திரை, காலையில் இன்னொன்று. அதிலுள்ள புரோமெத்தசின் தூக்கத்தைக் கொடுக்கும். பஸ்ஸில் தூங்கலாம், கடலுக்கடியில் மூளை மந்தமானால் ஆபத்து. மாத்திரை போட்டிருந்தால் சொல்லிவிடச் சொல்வது அதனால்தான். நான் சொல்லவில்லை.

படகு ஓடும்வரை ஒருமாதிரி தாங்கினேன். இடம் வந்து என்ஜினை நிறுத்தியதும் படகு பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது, டீசல் வாடை வேறு. தொடுவானத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் குனிந்து இடுப்பு பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசைவைக் கண்டுபிடிப்பது உள்காது. அது ‘ஆடுகிறோம்’ என்று சொல்ல, காலடிப் பலகையைப் பார்க்கும் கண் ‘ஆடவில்லை’ என்று சொல்ல, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது வயிறு. காது கேளாதவர்களில் பலருக்குத் தலைசுற்றலே வருவதில்லை என்று வில்லியம் ஜேம்ஸ் 1882-லேயே எழுதியிருக்கிறார். சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் இந்தக் குமட்டலால் பட்ட பாட்டை அப்பாவுக்கே கடிதத்தில் எழுதினார். அவருக்கு வராத வெட்கம் எனக்கு வந்தது.

கீழே போனால் சரியாகும் என்று நம்பினேன். அது தப்புக் கணக்கும் இல்லை. அலையின் ஆட்டம் ஆழத்தில் குறைந்துகொண்டே போகும். அலைநீளத்தில் பாதி அளவு இறங்கிவிட்டால் கிட்டத்தட்ட இருக்காது. ஆனால் காது அடைப்பை விடுவிப்பதற்காகக் கயிற்றைப் பிடித்தபடி மேல்மட்டத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. அங்கேதான் குடல் புரண்டது.

தண்ணீருக்குள் வாந்தி வந்தால், மூச்சுவிட வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டரை எடுக்கக் கூடாது. அதைக் கடித்தபடியே, அதற்குள்ளேயே எடுக்க வேண்டும். மூச்சு வெளியேறும் வால்வு வழியாகப் போய்விடும், பிறகு பொத்தானை அழுத்திச் சுத்தம் செய்துகொள்ளலாம். கரையில் இதைச் சொன்னபோது, இது அக்கா மாதிரி ஆட்களுக்கு என்று நினைத்து நான் கடலை வேடிக்கை பார்த்தேன். இப்போது, வாடகைச் சாமானை அசிங்கப்படுத்துகிறோமே என்று பிடுங்கி எறிந்தேன். வாந்தி எடுத்த கையோடு மூச்சு தானாக உள்ளே இழுக்கும். இழுத்திருந்தால் உப்புத் தண்ணீர்தான். பயிற்சியாளர் என் தாடையைப் பிடித்து அதைத் திரும்ப வாயில் திணித்தார். சுற்றிலும் மீன்கள். கடலுக்கடியில் மீன் பார்த்தேன் என்று ஊரில் பெருமையடித்தது இந்தக் காட்சியைத்தான். காலையில் நான் சாப்பிட்ட இட்லிக்கு வந்தவை அவை.

மேலே வந்ததும், “ரெகுலேட்டர்ல தண்ணி ஏறுது, பாத்துக் குடுக்க மாட்டீங்களா?” என்று பயிற்சியாளர்மீது பாய்ந்தேன். அவர் முகம் செத்துவிட்டது. பழுதில்லாத அந்தக் கருவியைக் கழற்றிச் சோதனைக்கென்று தனியே வைத்தார்கள். என்ன பதில் சொல்லும்படி ஆயிற்றோ அவருக்கு.

எங்களோடு இன்னோர் இளைஞரும் இறங்கியிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சியாளர் என்பதால் எனக்காக அவரையும் மேலே கூட்டிவர வேண்டியதாயிற்று. முதல் சம்பளத்தில் வந்தவராம். தண்ணீரில் இறங்கிவிட்டதால் பணம் திரும்பக் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். கரைக்கு வரும்வரை அவர் எனக்குத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் பணத்தை நான் கொடுத்திருக்கலாம். கையில் இருந்தது. கொடுத்தால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.