நின்ற வண்டியும் நிற்காத அலைச்சலும்

வண்டி ஓட்டும்போது விபத்துக்கு அஞ்சுகிறோம். நிறுத்திவிட்டு இறங்கியதும் அச்சமும் இறங்கிவிடுகிறது. 2024 ஜனவரியில் ஒரு மாலை, நோயுற்ற முதியவர் ஒருவரைக் காணச் சென்ற நான், பங்கின் பழைய காரைத் தெருவோரம் நிறுத்திவிட்டு அவர் வீட்டினுள் அமர்ந்திருந்தேன். வெளியே 'மடார்' என்றொரு சத்தம். எழுந்து வந்து பார்த்தால், 'சின்ன யானை' என்று நம் மக்கள் அழைக்கும் சரக்கு வண்டியொன்று பின்னோக்கி வந்து காரின் பின்கதவை நசுக்கியிருந்தது.

ஓட்டிய இளைஞன் ஓடிப்போகவில்லை. அதை அவன் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும். "சாமி, போலீசுக்கு மட்டும் போயிடாதீங்க. முதலாளி இன்சூரன்ஸ் கட்டியிருக்காரு, அவங்க கொடுத்துருவாங்க" என்று கைகூப்பினான். "சரி தம்பி, வண்டியை எடு" என்றேன். எதிரே இருந்த டீக்கடைக்காரர்தாம் குறுக்கிட்டு, "எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ புடிச்சுக்கிறேன் சாமி" என்று தம் கைபேசியில் படமெடுத்தார். பல ஆண்டுகள் தத்துவம் பயின்ற எனக்கு அது தோன்றவில்லை.

பழுது பார்க்க 18,400 ரூபாய் ஆகும் என்றார் மெக்கானிக். நம் காருக்கு இருந்ததோ மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். அது நாம் பிறருக்கு விளைக்கும் சேதத்திற்கே பொறுப்பேற்கும். நமக்கு நேர்ந்ததற்கு ஒரு காசும் தராது. எனவே, பாலிசியின் நகலை முதலாளியிடம் பெற்றுக்கொண்டு, அவருடைய காப்பீட்டு நிறுவனத்தின் படியேறினேன். மூன்று முறை ஏறினேன். மூன்றாம் முறை அதிகாரி வாய் திறந்தார்: "எங்க ஒப்பந்தம் வண்டிக்காரரோட, உங்களோட இல்ல ஃபாதர். தீர்ப்பாயத்தோட ஆர்டர் கொண்டாங்க."

சினம் பொங்கியது. ஆயினும் பங்கைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர், அவர் சொன்னது பெரும்பாலும் சரியே என்று விளக்கினார். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உயிரிழப்புக்கும் காயத்திற்கும் மட்டுமன்றி, பிறர் பொருளுக்கு நேர்ந்த சேதத்திற்கும் உரியது. ஓட்டுநர், உரிமையாளர், நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். "போலீஸ்ல மனு குடுத்தீங்களா சாமி?" என்று அவர் கேட்டபோது தலைகுனிந்தேன். ஒன்பதாம் நாள் காவல் நிலையம் சென்று மனு கொடுத்து, ரசீது பெற்றேன். ஏன் இத்தனை தாமதம் என்று அங்கு கேட்டது நியாயமே.

மறுநாள் மாலை அந்த இளைஞன் தன் தாயுடன் வந்தான். முதலாளி அவன் சம்பளத்தில் பிடித்துவிடுவார் என்று அந்த அம்மா அழுதார். 'போகட்டும், விட்டுவிடுவோம்' என்று நான் ஏறக்குறைய சொல்லிவிட்டேன். அப்போது அறையில் இருந்த பங்குப் பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், அவர்கள் சென்றபின் மெல்லச் சொன்னார்: "மன்னிக்கறது உங்க உரிமை சாமி. ஆனா அந்தப் பதினெட்டாயிரம் உங்களது இல்லையே."

அன்றிரவு உறக்கம் வரவில்லை. என் பணமாயிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன். பிறர் பணத்தில் தாராளம் காட்ட எனக்கு ஏது அதிகாரம்? மறுநாள் அவனை அழைத்து, "தம்பி, உன் பெயர் மனுவில் இருக்கும். பாலிசியும் உன் லைசென்சும் சரியாக இருந்தால், பணம் கட்ட வேண்டியது கம்பெனி, நீயல்ல" என்று விளக்கினேன். அவன் நம்பினானா என்று தெரியவில்லை. முதலாளியிடமும் சென்று, சம்பளத்தில் கைவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

நிறுவனம் அந்த லைசென்சையே பிடித்துக்கொண்டது. இலகுரக வாகன உரிமம் சரக்கு வண்டிக்குச் செல்லாது என்றது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு அவ்வுரிமமே போதும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. எங்கள் மனு நிலுவையில் இருக்கையிலேயே, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதனை உறுதிசெய்தது. அதன்பின் நிறுவனத்தின் குரல் தணிந்தது. 2025 மார்ச்சில் மக்கள் நீதிமன்றத்தில் 14,000 ரூபாய்க்குச் சமரசம் ஆயிற்று. சேதத்தை அவர்கள் மறுக்க முடியாதபடி செய்தது டீக்கடைக்காரரின் படமே.

எஞ்சிய 4,400 ரூபாயை என் கையிலிருந்து கட்டினேன்; ஒன்பது நாள் தாமதித்தவன் நான்தானே. அந்த இளைஞன் இன்னும் அதே வண்டியை ஓட்டுகிறான். பங்குக் காரைக் கண்டால், இரண்டு கடை தள்ளியே நிறுத்துகிறான்.