அப்பாவோட மாத்திரை டப்பா

உங்க அப்பாவோட மாத்திரை டப்பாவை என்னைக்காவது திறந்து பார்த்திருக்கீங்களா? போன மாசம் வரைக்கும் நானும் பார்த்ததில்லை.

சைதாப்பேட்டை பஜார் ரோடு பக்கத்துல எங்க வீடு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்பாவுக்கு ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். அதுக்கப்புறம் டெய்லி மாத்திரை. ஒரு ஞாயித்துக்கிழமை தலைவலி மாத்திரை தேடி அந்த டப்பாவைத் திறந்தேன். கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டை பிரிக்காம அப்படியே இருந்தது. பச்சை கலர் வைட்டமின் ஈ மட்டும் கிட்டத்தட்ட காலி!

“அது கெமிக்கல்டா. இது வைட்டமின். அடைப்பைக் கரைக்குமாம், வாக்கிங் வர்ற சார் சொன்னாரு” என்றார் அப்பா, கூலாக.

சிரிக்காதீங்க பாஸ். பெரிய பெரிய விஞ்ஞானிகளும் ஒரு காலத்தில் இதை நம்பினார்கள். கெட்ட கொலஸ்ட்ரால் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து, ஆக்ஸிஜன் பட்டுக் கெட்டுப்போகிறது. பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்குமே, அதே கதைதான். அப்படிக் கெட்டுப்போனதுதான் அடைப்பாக வளர்கிறது. இதைத் தடுப்பது ஆன்ட்டி ஆக்ஸிடன்ட். டெஸ்ட் டியூபில் வைட்டமின் ஈ சூப்பராக வேலை செய்தது. 1993-ல் 87,245 அமெரிக்க நர்ஸ்களைக் கவனித்த ஆய்விலும், வைட்டமின் ஈ மாத்திரை எடுத்தவர்களுக்கு இதய நோய் குறைவாகவே இருந்தது.

ஆனா, வைட்டமின் வாங்கிச் சாப்பிடுறவங்க வாக்கிங்கும் போவாங்க, சாப்பாட்டிலும் கவனமா இருப்பாங்க. அப்போ காப்பாத்தியது எது? கண்டுபிடிக்க ஒரே வழி, குலுக்கல் முறையில் பாதிப்பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப்பேருக்கு டம்மி.

அதைச் செய்தவர்களில் ஒருவர், நம்ம பக்கத்து கேரளாவில் பிறந்து, பெங்களூரில் எம்.பி.பி.எஸ். படித்து, கனடா போன டாக்டர் சலீம் யூசுஃப். அவர் தலைமையிலான ‘ஹோப்’ ஆய்வு 2000-ல் வெளியானது. 9,541 பேர், நாலரை வருஷம். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூணும் சேர்த்து, வைட்டமின் ஈ எடுத்தவர்களில் 16.2 சதவிகிதம், டம்மி எடுத்தவர்களில் 15.5. பலன் பூஜ்யம்!

2002-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வு எங்க வீட்டு டப்பாவுக்கே எழுதின மாதிரி இருந்தது. 20,536 பேர், 5 வருஷம். வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூணும் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் வைட்டமின் ஏறியது, இதய நோய் குறையவில்லை. அதே ஆட்களிடம் ஸ்டேட்டின் வகை கொலஸ்ட்ரால் மாத்திரையையும் சோதித்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் சுமார் நாலில் ஒரு பங்கு குறைந்தது. அப்பா நிறுத்தினது அந்த வகை மாத்திரையைத்தான்.

தம் அடிக்கும் சீனியர்களே, உங்களுக்கும் ஒரு நியூஸ். 1994-ல் ஃபின்லாந்தில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்த புகைப்பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் கூடியது. இது மாத்திரை மேட்டர்தான். சைதாப்பேட்டை மார்க்கெட் கேரட்டையும் கீரையையும் தாராளமாச் சாப்பிடுங்க.

இதையெல்லாம் அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, “அந்த மாத்திரை போட்டா கால் வலிக்குதுடா. உனக்கு எக்ஸாம் டைம், அதான் சொல்லலை” என்றார்.

எனக்கு சுருக்குன்னு இருந்தது. மறுநாளே டாக்டரிடம் போனோம். ரத்தம் டெஸ்ட் பண்ணி, வேற ஸ்டேட்டினைக் குறைஞ்ச அளவில் எழுதினார். இப்போ வலி இல்லை. பிரச்னை அவ்வளவுதான். கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

இன்னைக்கு நைட் அந்த டப்பாவைத் திறந்து பாருங்க. எதையும் நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க. அதுக்கு முன்னாடி அப்பாகிட்ட, “ஏன்ப்பா இதைப் போடலை?”ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஓகேவா?