போன ஜென்மத்தை யார் சொல்வது?

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் படிப்பகத்தில் படம் போடுவது வழக்கம். ஒரு பழைய புரொஜெக்டர், சுண்ணாம்பு அடித்த சுவர், அவ்வளவுதான். நாங்கள் தேர்ந்தெடுக்கும் படங்களையே மாதக்கணக்கில் பார்த்துச் சலித்துப்போன கல்லூரிப் பெண்கள் ஒருநாள் கொடி பிடித்துவிட்டார்கள். "எப்பப் பார்த்தாலும் நம்மள அடிக்கிற படமாவே போடுறீங்கண்ணா. ஒரே ஒரு கொரியன் லவ் படம் போடுங்களேன்." நியாயமான கோரிக்கைதான். அடிபடுகிறவர்கள் காதல் படம் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

அப்படித்தான் 'பஞ்சி ஜம்பிங் ஆஃப் தேர் ஓன்' பார்த்தோம். 2001-இல் வந்த படம், இயக்கியவர் கிம் டே-சுங். நாயகன் லீ பியுங்-ஹுன். 'ஸ்க்விட் கேம்' தொடரில் முகமூடி போட்டுக்கொண்டு ஆட்டத்தை நடத்துகிறவர் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். இதில் முப்பது வயதுகூடத் தெரியாத முகம். நாயகி லீ யுன்-ஜு, இந்தப் படம் வந்து நான்கே வருடத்தில் இறந்துபோனவர்.

கதையைச் சொல்லிவிடுகிறோம். சொன்னால் கெட்டுப்போகிற படமல்ல. 1983-இல் சியோலில் மழை பெய்கிறது. இன்-வூ என்ற கல்லூரி மாணவனின் குடைக்குள் டே-ஹீ என்ற பெண் திடீரென்று நுழைகிறாள். அவன் அவளைத் தேடி அலைகிறான், கண்டுபிடிக்கிறான், காதல் வருகிறது. அவன் கட்டாய ராணுவச் சேவைக்குக் கிளம்புகிற நாளில் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறான். அவள் வரவில்லை. படம் சட்டென்று 2000-க்குத் தாவுகிறது. இன்-வூ இப்போது பள்ளி ஆசிரியர், மனைவி குழந்தை உண்டு. அவர் வகுப்பில் பதினேழு வயது மாணவன் ஒருவன் இருக்கிறான், பெயர் ஹியுன்-பின். (எங்கள் பிள்ளைகள் எதிர்பார்த்த நடிகர் ஹியுன் பின் அல்ல. பாத்திரத்தின் பெயர்தான் அது. ஏமாற்றத்தில் ஒரு பெரிய சத்தமே எழுந்தது.) கோப்பையை எடுக்கும்போது டே-ஹீயைப் போலவே சுண்டுவிரலை நீட்டுகிறான். கொரிய எழுத்தில் கரண்டிக்கும் சாப்பிடும் குச்சிக்கும் ஒரு மெய்யெழுத்து ஏன் மாறுகிறது என்று அவள் அன்று கேட்ட அதே கேள்வியைக் கேட்கிறான். டே-ஹீ அன்று ரயில் நிலையத்துக்கு வரும் வழியில் வாகனம் மோதி இறந்திருக்கிறாள் என்பதைப் படம் மிகத் தாமதமாகத்தான் சொல்கிறது. அவள்தான் இவனாகப் பிறந்திருக்கிறாள்.

வகுப்பறையில் இன்-வூ கரும்பலகையில் ஒரு கோடு போட்டு 'இன்யோன்' என்றால் என்னவென்று விளக்கும் காட்சி எல்லோருக்கும் பிடித்தது. உலகத்தில் எங்கோ ஓரிடத்தில் ஒரு ஊசியை நட்டுவைத்து, வானத்திலிருந்து ஒரே ஒரு தானிய மணியைத் தூவினால், அது அந்த ஊசிமுனையில் வந்து குத்தி நிற்பதற்கு எத்தனை வாய்ப்பு உண்டோ, அத்தனை அரிதான சந்திப்பு என்கிறார். இது பௌத்தம் கொரியாவுக்குக் கொண்டுபோன சொல். 'இன்' என்றால் காரணம், 'யோன்' என்றால் அந்தக் காரணம் பலிப்பதற்கான சூழல். கொரிய நாடகம் பார்க்கிற நம் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் ஏற்கனவே தெரிந்திருக்கிறது. முன்வரிசையில் இருந்த பெண் "ஊசி காட்சி சூப்பர்ணா" என்று ஸ்டேட்டஸ் போடுவதற்காக நிறுத்தி நிறுத்திப் போடச் சொன்னாள்.

எங்களுக்கு நெருடியது அதற்கு அடுத்த பகுதி.

ஹியுன்-பினுக்கு எதுவும் நினைவில்லை. அவனுக்கு ஒரு காதலி இருக்கிறாள், நண்பர்கள் இருக்கிறார்கள், விளையாட்டு இருக்கிறது. நடு வயதை நெருங்கும் ஒரு ஆசிரியர் வந்து, நீ யாரென்று உனக்கே தெரியாது, எனக்குத் தெரியும், ஏன் உனக்கு என்னை அடையாளம் தெரியவில்லை என்று மன்றாடுகிறார், கோபப்படுகிறார், கையைப் பிடிக்கிறார். படம் நம்மை இன்-வூவின் கண்ணால் பார்க்கவைக்கிறது. அதனால் அவருடைய வலி நமக்குத் தொற்றிக்கொள்கிறது. ஆனால் களப்பணியில் இத்தனை வருடம் குழந்தைகளோடு வேலை செய்த எங்களுக்கு இது உறுத்தாமல் இல்லை. அவர் ஆசிரியர், அவன் மாணவன், வயதுக்கு வராத பையன். எந்த ஜென்மத்துக் காதலாக இருந்தாலும் மதிப்பெண் போடுகிற கையும் காதலிக்கிற கையும் ஒன்றாக இருப்பது சரியல்ல. படம் இந்த இடத்தை லேசாகக் கடந்துபோய்விடுகிறது.

அதைவிட ஆழமாக ஒன்று குத்தியது. பிறப்பதற்கு முன்னால் நீ யாராக இருந்தாய் என்பதை இன்னொருவர் வந்து சொல்வது. நீ மறுக்கவே முடியாத ஒரு சாட்சியத்தை உன் உடம்பின் மேல் வைப்பது. சுண்டுவிரல் நீள்வதுகூட ஆதாரமாகிவிடுவது. இது எங்களுக்குப் பழக்கமான விஷயம்.

எங்களில் ஒருவரின் பாட்டி களை எடுக்கப் போன நிலத்தில், கூலியை முந்தானையில் தூரத்திலிருந்து போடுவார்கள். ஒருநாள் ஏன் இப்படி என்று கேட்டதற்கு, போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணியோ, இந்த ஜென்மத்துல ஒழுங்கா இருந்தா அடுத்ததுல நல்ல வயித்துல பிறப்ப என்று பதில் வந்ததாம். பாட்டி அதை எங்களிடம் சொல்லும்போது சிரிப்பார். "எனக்கே தெரியாத எம் பாவம் அவளுக்கு எப்பிடிறா தெரிஞ்சுது?" சமூகவியல் முதுகலையில் நாங்கள் படித்த எந்தப் பாடமும் கர்மக் கோட்பாட்டை இவ்வளவு சுருக்கமாக உடைத்ததில்லை.

அண்ணல் அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இதே இடத்தில்தான் நின்று மோதுகிறார். அவர் இறந்த பிறகு 1957-இல் வெளியான அந்த நூல், ஆன்மா ஒன்று கூடு விட்டுக் கூடு பாய்வதைப் புத்தர் ஏற்கவில்லை என்கிறது. முற்பிறவி வினைதான் இன்றைய வறுமைக்குக் காரணம் என்ற பேச்சு, அரசும் சமூகமும் தங்கள் பொறுப்பிலிருந்து நழுவுவதற்கான வழி என்கிறது. பௌத்த மரபுள்ள நாட்டிலிருந்து வந்த மறுபிறவிக் காதல் கதையைப் பார்த்துவிட்டு இதை எடுத்துப் படித்தால் வேறு வெளிச்சம் கிடைக்கும். இளைய தோழர்கள் அவசியம் படியுங்கள்.

படம் முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "கொரியால சாதி இருக்காண்ணா?" நல்ல கேள்வி. ரோஜா நிற உதட்டுச்சாயமும் ராமென் நூடுல்ஸுமாகத் தெரிகிற நாட்டைப் பற்றி யாரும் கேட்காத கேள்வி.

இருந்தது. பெக்ஜோங் என்று பெயர். மாடு அறுத்தவர்கள், தோல் பதப்படுத்தியவர்கள், கூடை முடைந்தவர்கள். 1894-இல் சட்டப்படி அந்தப் பிறப்பு அடுக்கு ஒழிக்கப்பட்டது. ஒழிந்ததா? குடும்பப் பதிவேட்டில் அடையாளம் தொடர்ந்தது, அவர்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுப்பதும் தொடர்ந்தது. 1923-இல் ஜின்ஜு நகரத்தில் 'ஹியோங்ப்யோங்சா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஹியோங் என்றால் தராசு. கறி நிறுக்கும் தராசையே சமத்துவத்தின் சின்னமாக எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் ஜப்பானில் புராக்கு மக்கள் 'சுய்ஹேய்ஷா' அமைப்பைக் கட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருந்தது. இங்கே 1927-இல் மஹாட் குளத்தில் அம்பேத்கர் இறங்கியதற்கு நான்கு வருடம் முன்பு நடந்தது இது.

இன்று தென்கொரியாவில் யார் பெக்ஜோங் வீட்டுப் பேரன் என்று கேட்டால் கிட்டத்தட்ட யாருக்கும் தெரியாது. போராட்டமும் இருந்தது, போரும் இருந்தது. ஊர் விட்டு ஊர் ஓடிய லட்சக்கணக்கானோரில் பழைய அடையாளம் கலைந்துபோனது. படம் நினைவைக் கொண்டாடுகிறது. நினைவு வந்தால் காதல் திரும்ப வரும் என்கிறது. எங்களுக்கோ அந்த மறதியின் மேல்தான் பொறாமையாக இருந்தது. ஹியுன்-பின் எதுவும் நினைவில்லாமல் விளையாடிக்கொண்டிருந்த நாட்களை நாங்கள் ஏக்கத்தோடு பார்த்தோம். (வரலாற்றை மறப்பதைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் நம் பிறப்பை மறப்பதைச் சொல்கிறோம்.)

காதலுக்கு அங்கே வேறொரு தடை இருந்தது. ஒரே குலப்பெயரும் ஒரே பூர்வீக ஊரும் உள்ள ஆணும் பெண்ணும் திருமணம் செய்யக் கூடாது என்று கொரிய சிவில் சட்டத்தின் 809-ஆவது பிரிவு சொன்னது. கிம்ஹே ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட கிம்கள் மட்டும் இன்று 40 லட்சத்துக்கும் மேல். எத்தனையோ தலைமுறைக்கு முந்தைய ஒரு பாட்டன் பொது என்பதற்காக, முன்பின் தெரியாத இருவர் சட்டப்படி கணவன் மனைவியாக முடியாது. இந்தப் படத்தின் காதலர்கள் குடைக்குள் சந்தித்த 1983-இல் இந்தச் சட்டம் முழு உயிரோடு இருந்தது. 1978, 1988, 1996 ஆகிய வருடங்களில் தற்காலிகமாகக் கதவைத் திறந்து, சேர்ந்து வாழ்ந்தவர்களைப் பதிவு செய்துகொள்ள அனுமதித்தார்கள். பிறகு மூடினார்கள். அப்படிப்பட்ட இணையர்கள் நீதிமன்றம் போனார்கள். 1997 ஜூலையில் அரசமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசமைப்புக்குப் பொருந்தாது என்றது. குலப் பெரியவர்கள் எதிர்த்தார்கள், இழுத்தடித்தார்கள். 2005-இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. அடுத்த ஜென்மத்துக்குக் காத்திருக்காமல், மனு எழுதி, வரிசையில் நின்று, இந்த ஜென்மத்திலேயே கிடைத்த கல்யாணம்.

படத்தில் இன்-வூவுக்கும் ஹியுன்-பினுக்கும் அந்த வழி இல்லை. இருவரும் ஆண்கள். பள்ளியில் கிசுகிசு பரவுகிறது, ஆசிரியரை ஒதுக்குகிறார்கள், அவர் வேலை போகிறது. அவரே பயந்துபோய் மருத்துவரிடம் தன்னைச் சோதித்துக்கொள்ளப் போகிறார். படம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2000-இல், ஹொங் சொக்-சொன் என்ற நடிகர் தான் ஒருபாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னதும் தொலைக்காட்சி வாய்ப்புகளை இழந்தார். அந்த ஊரில் எடுத்த படம் இது. இரண்டு ஆண்கள் நேசிப்பதைக் காட்டுவதற்குப் படத்துக்கு ஒரு இறந்துபோன பெண் தேவைப்படுகிறாள். மறுபிறவி இங்கே அனுமதிச் சீட்டு. ஆனாலும் அந்த வருடத்தில் அந்தச் சீட்டையாவது அச்சடித்தார்களே என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. இன்றும் அங்கே ஒருபால் திருமணம் சட்டப்படி இல்லை. 2024 ஜூலையில் ஒருபால் துணையையும் உடல்நலக் காப்பீட்டில் சார்ந்தவராகச் சேர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே இன்னொரு மனு வரிசை நகர்ந்துகொண்டிருக்கிறது.

இறுதிக் காட்சியில் ஹியுன்-பினுக்கு நினைவு வந்துவிடுகிறது. அதே ரயில் நிலையத்துக்கு, பதினேழு வருடம் தாமதமாக, ஓடி வருகிறான். இருவரும் நியூசிலாந்து போகிறார்கள். பாலத்தில் கைகோத்து நிற்கிறார்கள். கயிறு கட்டாமல் குதிக்கிறார்கள். அடுத்த முறை பெண்ணாகப் பிறப்பேன் என்று ஒருவர், நானும் பெண்ணாகப் பிறந்துவிட்டால் என்று மற்றவர், அப்போதும் காதலிக்க வேண்டியதுதான் என்று பதில். அந்தப் பேச்சு அழகானது. அதைச் சாவின் விளிம்பில் வைத்ததுதான் எங்களுக்கும் படத்துக்கும் சண்டை. யாருக்காகவோ இடம் விட்டுக்கொடுத்து இருவர் உலகத்தைவிட்டு வெளியேறுகிறார்கள். உலகம் அப்படியே இருக்கிறது, பாலமும் பள்ளிக்கூடமும் உட்பட.

விளக்குப் போட்டபோது கடைசி வரிசையில் எங்கள் நண்பன் உட்கார்ந்திருந்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறான். வேறு சாதிப் பெண்ணை நேசித்தவன். பஞ்சாயத்து, மிரட்டல், பிறகு அவசர அவசரமாக அவளுக்கு வேறிடத்தில் கல்யாணம். அவள் கடைசியாகத் தொலைபேசியில் சொன்னது, அடுத்த ஜென்மத்தில் ஒரே சாதியில் பிறப்போம் என்பது. அதை அவன் ஒரு வாக்குறுதி மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறான்.

"அவங்களாவது குதிச்சாங்க" என்றான்.

எங்களுக்கு வயிறு கலங்கிவிட்டது. இந்தப் படத்தைப் போட்டதற்காக எங்களையே திட்டிக்கொண்டோம். பிள்ளைகளை அனுப்பிவிட்டு அன்றிரவு அவனை விடவில்லை. டீக்கடை மூடும்வரை அங்கே, பிறகு படிப்பகத் திண்ணையில். சாகிற யோசனை இருக்கிறதா என்று நேராகவே கேட்டோம். அப்படிக் கேட்பதால் யாருக்கும் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்று எங்கள் பயிற்சியில் சொல்லித்தந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். முன்னாடி இருந்துச்சு, இப்ப இல்ல, ஆனா இந்த சீன் வந்தப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு என்றான். விடியும்போது அவன் கேட்டது வேறு: "ஒரே சாதில பொறக்கணும்னு அவ சொன்னாளே, அப்ப அடுத்த ஜென்மத்துலயும் சாதி இருக்கும்னுதானே அர்த்தம்?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. அவனே யோசித்து எட்டிய இடம் அது.

இப்போது வாரம் ஒருமுறை ஒரு மனநல ஆலோசகரிடம் போய்வருகிறான். முதல் இரண்டு முறை நாங்கள் கூடப் போனோம், மூன்றாம் முறை வேண்டாமென்றான். போன சனிக்கிழமை புரொஜெக்டரை அவன் ஆட்டோவில்தான் ரிப்பேருக்கு எடுத்துப் போனோம். அடுத்து என்ன படம் என்று கேட்டான். பெண்கள் மறுபடியும் கொரியப் படம்தான் கேட்கிறார்கள் என்றோம். "போடுங்க. ஆனா யாரும் சாவாத படமா பாத்துப் போடுங்க" என்றான். தேடிக்கொண்டிருக்கிறோம்.