பெயரில்லாத கிலோக்கள்

டோல்கேட்டில் காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கைப் படிக்கிறதே, அதே குடும்பத்து ரீடர்தான். அளவு மட்டும் சின்னது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய போர்டு. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸுக்குள் வேலை செய்யும். அதை எடை மெஷினோடு இணைத்து, பெட்டிக்குள் அடைத்து, வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து எடை போடும் கொட்டகையில் வைக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்களின் கழுத்து அட்டைக்குள் டேக் இருக்கும். மூட்டையைத் தராசில் வைத்தால் போதும், அட்டையை எங்கும் காட்டாமலே யாருடைய மூட்டை என்று ரீடர் தெரிந்துகொள்ளும். இதுதான் திட்டம்.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு முணுமுணுப்பு. மெட்ரோ கார்டு மாதிரி தொட்டுக் காட்டும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டை போதுமே? சில சென்டிமீட்டருக்கு மேல் எட்டாது, குழப்பமும் வராது. ஆனால் ‘தொடாமலே’ என்ற சொல்லுக்கு மீட்டிங்குகளில் ஒரு தனி மவுசு.

கொட்டகையில் கரண்ட் கிடையாது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று, கூரையில் சின்ன சோலார் பேனல் ஒன்று. ஜூன், ஜூலையில் வால்பாறை வெயிலை நம்பி யாரும் வடகம்கூடப் போட மாட்டார்கள். அந்த டேக்குக்குள்ளும் பேட்டரி இல்லை. ரீடர் வீசும் அலையிலிருந்தே தனக்கான மின்சாரத்தை உறிஞ்சி, அதே அலையைத் திருப்பிச் சிதறடித்துப் பதில் சொல்கிற ஜீவன் அது. அதாவது, காது கொடுத்துக் கேட்பதற்கே ரீடர் கத்திக்கொண்டிருக்க வேண்டும். ஆன்டெனாவில் 1 வாட் கத்த, எங்கள் போர்டு 6 வாட் வரை தின்றது. பேட்டரியின் 84 வாட்-அவரை ஆறால் வகுத்தால் 14 மணி நேரம். அதுவும் காகிதத்தில்தான். லெட்-ஆசிட் பேட்டரியைத் தினமும் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரமே செத்துப்போகும்.

அதனால் தூங்க வைக்க வேண்டும். என் கைக்கு வந்த ஸ்பெசிஃபிகேஷனில் 100 மில்லிசெகண்ட் விழிப்பு, 900 மில்லிசெகண்ட் தூக்கம் என்று போட்டிருந்தார்கள். தூக்கத்திலும் வகை உண்டு. அலையை மட்டும் நிறுத்தினால் அது கோழித்தூக்கம், சட்டென்று எழுந்துவிடும். எல்லாவற்றையும் அணைத்தால் கும்பகர்ணன். மிச்சம் அதிகம், ஆனால் எழுப்ப நேரம் பிடிக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரே நேரத்தில் பல டேக்குகள் பதில் சொன்னால் கூச்சலாகிவிடும் என்பதால், ஒருமுறை எண்ணப்பட்ட டேக் கொஞ்ச நேரம் வாய்மூடி இருக்கும். எவ்வளவு நேரம் என்பதை ‘செஷன்’ முடிவு செய்கிறது. செஷன் 2 என்று வைத்தால், அலை படுகிற வரைக்கும் மௌனம், அலை நின்ற பிறகும் குறைந்தது 2 செகண்ட் மௌனம். ஏதாவது கிடங்கில் ஆயிரம் பெட்டிகளை எண்ண இது அருமை. இங்கே நேர் எதிர். வரிசையில் மூன்றாவதாக நிற்கும்போதே ஒரு அக்காவை எண்ணிவிட்டால், அவர் தராசுக்கு வரும்போது அட்டை பேசாமல் இருந்துவிடலாம். செஷன் 0 என்றால் அலை நின்றதுமே டேக் எல்லாவற்றையும் மறந்துவிடும். ரீடர் ஒவ்வொரு முறை தூங்கி எழும்போதும் எல்லாரும் புதிதாக வந்தவர்கள். செஷன் 0 வைத்தேன்.

அடுத்தது ஃபில்டர். மேனேஜர் ஜீப்பின் ஃபாஸ்டேக், உரமூட்டையில் யாரோ ஒட்டிய டேக் இவற்றையெல்லாம் ஒதுக்குவது சுலபம். எண்ணின் முதல் சில இலக்கங்களைச் சொல்லி, ‘இப்படித் தொடங்குகிறவர்கள் மட்டும் பேசுங்கள்’ என்று காற்றிலேயே அறிவித்துவிடலாம். மற்றவை பதிலே சொல்லாது. நேரமும் மிச்சம், கரண்டும் மிச்சம்.

சிக்கல் வரிசையில் நிற்கிறவர்களிடம். அவர்கள் எல்லாரும் ‘இப்படித் தொடங்குகிறவர்கள்’தான். அதற்கு ஸ்பெக்கில் இருந்த வழி சிக்னல் பலம். மைனஸ் 60 டிபிஎம்முக்குக் கீழே வருகிற பதிலைத் தூக்கிப்போடு, கிட்டே நிற்கிறவர் மட்டும் மிஞ்சுவார். ஏசி அறையில், நாற்காலியில் மாட்டிய அட்டைகளோடு இது அழகாக வேலை செய்தது.

மழையில் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவரின் கழுத்து அட்டை எங்கே இருக்கும்? நனைந்த துண்டுக்கு அடியில், உடம்போடு ஒட்டிக்கொண்டு. தண்ணீர் இந்த அலையைக் குடித்துவிடும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், பச்சைக் கொழுந்திலும் அப்படியே. லாக்கைத் திறந்து பார்த்தேன். 17.4 கிலோ, டேக் எண் காலி. 21.0 கிலோ, காலி. ஸ்பெக்கின் கடைசிப் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி இருந்தது: அடையாளம் கிடைக்காத எடை ‘பொதுக் கணக்கில்’ சேரும். தினக்கூலிக்கு இத்தனை கிலோ என்று ஒரு அளவு இருக்கிறது, அதற்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு. பொதுக் கணக்கில் விழுந்த கொழுந்து ஃபாக்டரிக்குப் போய்த் தூளாகிவிடும், காசு மட்டும் யார் பெயருக்கும் போகாது.

“தம்பி, உன் மெஷின் என் பேரைச் சொல்லவே இல்லியே,” என்றார் ஒரு அக்கா. “சூப்பர்வைசர் எழுதாம விட்டா சண்டை போடலாம். இதுகிட்ட என்னத்தப் போயிச் சொல்றது?”

எல்லாரையும்போல நானும் ‘எரியும் பனிக்காடு’ படித்துவிட்டு மலையேறியவன்தான். நோட்டுப் புத்தகக் காலம் யோக்கியமானது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நோட்டில் கை வைத்தவனுக்கு ஒரு முகம் இருந்தது. மைனஸ் 60-க்கு யார் முகம்?

ரீடரின் கடிகாரத் தூக்கத்தை எடுத்துவிட்டேன். இப்போது அதை எழுப்புவது மூட்டை. எடையை உணரும் லோட் செல்லுக்கு ரீடரோடு ஒப்பிட்டால் கரண்டே வேண்டாம் என்று சொல்லலாம், நாள் முழுக்க விழித்திருக்கட்டும். தட்டில் பாரம் ஏறியதும் அது தட்டி எழுப்ப, ரீடர் 2 செகண்ட் விடாமல் கேட்டுவிட்டுத் தூங்கப் போகும். ஆன்டெனாவைத் தராசுக்கு நேர் மேலே, கீழ்நோக்கி மாட்டினேன். மைனஸ் 60 போனது. அதற்குப் பதிலாக, அதிக பலமுள்ள பதிலுக்கும் அடுத்ததற்கும் நல்ல இடைவெளி இருந்தால் மட்டும் பெயரை எழுது, இல்லையென்றால் எழுதாதே. ஒதுக்கிய பதில்களும் பலத்தோடு லாக்கில் இருக்கும். மெமரி வீணாகிறது என்றார்கள். ஒரு சீசன் முழுவதும் சேர்த்தாலும் ஒரு கல்யாண வீடியோ அளவுகூட வராது என்று கணக்குப் போட்டு அனுப்பினேன்.

பெயர் கிடைக்காவிட்டால் பஸ்ஸர் மூன்று முறை அடிக்கும், தராசு எடையைப் பதியாது. அட்டையைத் துண்டிலிருந்து வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்தால் சரியாகிவிடும். ‘தொடாமலே’ கொஞ்சம் அடிபட்டதுதான். வரிசை மெதுவாகும் என்று ஒரு கால், பஸ்ஸருக்கு எவ்வளவு கரண்ட் என்று இன்னொரு கால். 30 மில்லியாம்பியர், அரை செகண்ட், அதுவும் பெயர் வராதபோது மட்டும் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

‘பொதுக் கணக்கு’ என்ற வரியை எடுக்கச் சொல்லி மூன்று மெயில் போட்டிருக்கிறேன். டாக்குமென்ட் இப்போது 2.3 பதிப்பு. வரி இன்னும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது.